கால்பந்துக் கேள்வி–பதில்: பந்து நின்றதும் கேப்டனுக்கு வேலை

அணியின் கேப்டன் பொறுப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மண்டலப் போட்டிக்குப் பள்ளி அணியைத் தேர்வு செய்துவிட்டேன். கேப்டன் யார் என்பதில்தான் இழுபறி. அதிகக் கோல் அடிக்கிறவனுக்கே கொடுக்கச் சொல்கிறார்கள் பையன்கள். கொடுக்கலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

அவன் கோல் அடிக்கிறான் என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள். கோல் அடிப்பது ஒரு திறமை. பக்கத்தில் இருப்பவன் தப்புச் செய்த பிறகு அவனை அடுத்த பந்துக்குத் தயார் செய்வது வேறொரு திறமை. இரண்டும் ஒரே பையனிடம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பந்து உருளும்போது கேப்டனும் பதினொரு பேரில் ஒருவன்தான். பந்து வெளியே போனதும், விசில் ஊதியதும், கோல் விழுந்ததும்தான் அவன் வேலை ஆரம்பிக்கிறது. ஆளைத் தேடும்போது நீங்களும் அந்த நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு வாரம், பயிற்சி ஆட்டத்தில் விசில் ஊதியதும் பந்தை விட்டுவிட்டுப் பையன்களைப் பாருங்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் தேடுவான். ஒருவன் கையை விரித்து அடுத்தவனைக் குறை சொல்வான். ஒருவன் திரும்பிப் பார்த்து, பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, "டேய், நீ உள்ளே வா" என்று ஒருவனை இடம் மாற்றுவான். இந்த மூன்றாவது பையனின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அவனுக்கு எதிராக வேண்டுமென்றே ஒரு தவறான ஃபவுல் ஊதுங்கள். அடுத்த பத்து விநாடியில் அவன் உங்களிடம் வாதாடுகிறானா, அல்லது ஃப்ரீ கிக்குக்குச் சுவர் அமைக்க ஆளைக் கூப்பிடுகிறானா? அதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஓட்டெடுப்பு வைக்கலாம். ஆனால் "யார் கேப்டன்?" என்று நேராகக் கேட்டால் நட்புக்கும் தெருவுக்கும்தான் ஓட்டு விழும். ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு கேள்விகள் கொடுங்கள்: 0–2 என்று பின்தங்கியிருக்கும்போது யார் பேச்சைக் கேட்பாய்? நீ தப்புச் செய்தால் யார் சுட்டிக்காட்டினால் உனக்குக் கோபம் வராது? இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒருவன் கேப்டன், மற்றவன் துணைக் கேப்டன்.

எந்த இடத்தில் ஆடுபவன் என்பதும் ஓரளவு முக்கியம். பின்வரிசையின் நடுவில் ஆடும் ஸ்டாப்பருக்கும், மைதானத்தின் நடுவில் தடுத்து ஆடும் மிட்ஃபீல்டருக்கும் முழு ஆட்டமும் கண்முன் இருக்கும், பேச்சும் எல்லோருக்கும் எட்டும். ஓரத்தில், அதாவது விங்கில் ஆடுபவன் கத்தினால் எதிர் விங்குக்குக் கேட்காது. கோல்கீப்பர் எல்லாவற்றையும் பார்ப்பார், ஆனால் நடுவரிடம் பேச அரை மைதானம் ஓடிவர வேண்டும். அதற்காகக் கீப்பர் கூடாது என்றில்லை. 1982-ல் இத்தாலியின் டினோ ஸோஃப், 2010-ல் ஸ்பெயினின் கசியாஸ், 2018-ல் பிரான்சின் யோரிஸ் மூவருமே உலகக் கோப்பையைத் தூக்கிய கோல்கீப்பர் கேப்டன்கள். ஃபார்வர்டும் ஆகலாம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் கேப்டன் சுனி கோஸ்வாமி ஃபார்வர்டுதான், வயது 24. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்ற அணி, இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கியது. ஆனால் ஃபார்வர்டைக் கேப்டன் ஆக்கினால் பின்வரிசையில் பேசக்கூடிய ஒருவனைத் துணைக் கேப்டனாக வையுங்கள். முதுகைக் காட்டி நிற்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

டாஸ் ஜெயித்தால் எப்போதும் "கிக்-ஆஃப்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா?
– கல்லூரி அணிக் கேப்டன், தூத்துக்குடி

நிறைய இருக்கிறது. 2019-க்கு முன்பு டாஸ் ஜெயித்தவர் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்று மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். அந்த ஆண்டு விதி மாறியது. இப்போது பக்கத்தையும் எடுக்கலாம், கிக்-ஆஃபையும் எடுக்கலாம். கிக்-ஆஃப் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு உதை. பக்கத்தை எடுத்தால் 45 நிமிடம் கிடைக்கிறது.

ஆட்டத்துக்கு அரை மணி முன்பு மைதானத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். முதலில் வெயில். நம் ஊர் மைதானங்கள் பல கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. மாலை நான்கு மணி ஆட்டம் என்றால் முதல் பாதியில் சூரியன் இன்னும் சற்று மேலே இருக்கும். இரண்டாம் பாதியில் இறங்கி நேராகக் கண்ணில் அடிக்கும். ஆகவே முதல் பாதியில் உங்கள் கீப்பர் மேற்கே பார்த்து நிற்கட்டும், மோசமான வெயில் எதிரணிக் கீப்பருக்குப் போகும். காலை ஏழு மணி ஆட்டத்துக்குக் கணக்கு தலைகீழ். தொடக்கத்தில்தான் சூரியன் தாழ இருக்கும், அதனால் முதல் பாதியிலேயே வெயிலை முதுகுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. ஒரு பிடி மண்ணை இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். கார்னர் கொடி இருந்தால் அதையும் பாருங்கள். உங்கள் ஊரில் பிற்பகலில் வீசும் கடற்காற்று பொழுது சாயச் சாயத் தணியும். இரண்டாம் பாதியில் காற்று இருக்குமா என்பது உறுதியில்லை, எனவே இப்போது இருக்கும் காற்றை இப்போதே எடுங்கள். ஆனால் காற்றோடு ஆடும் அணிகள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பின்னாலிருந்து நீளமாக அடித்துவிட்டு, பந்து எல்லோரையும் தாண்டி வெளியே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காற்று பின்னால் இருந்தால் பாஸ் தரையோடு போகட்டும். தூக்கி அடிப்பதை ஷாட்டுக்கும் கார்னருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக இரண்டு கோல் முகப்புகளையும் பாருங்கள். ஆறு கஜக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் உருட்டிவிட்டால் எங்கே துள்ளுகிறது என்று தெரியும். குழி விழுந்த பக்கம், மழை பெய்திருந்தால் தண்ணீர் தேங்கிய பக்கம், இவற்றை உங்கள் கீப்பரிடம் காட்டி, எந்தப் பக்கம் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வெயிலும் காற்றும் வேறு வேறு பக்கம் இழுத்தால், கீப்பர் இளைஞராகவோ உயரம் குறைந்தவராகவோ இருக்கும் அணியில் வெயிலுக்கே முதலிடம் கொடுப்போம். கண் கூசி விட்ட கோலுக்கு மாற்று இல்லை.

ஒரு கோல் வாங்கினால் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் இன்னொன்றும் வாங்கிவிடுகிறோம். இது வழக்கமாகிவிட்டது. கேப்டனாக நான் என்ன செய்ய வேண்டும்?
– சென்னை வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்

முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். கோல் விழுந்ததும் ஃபார்வர்டுகள் உடனே ஈடுகட்டிவிடத் துடித்து மேலே ஏறுவார்கள். பின்னால் இருப்பவர்கள் யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டே மெதுவாக நடந்து வருவார்கள். நடுவில் பெரிய இடைவெளி விழும். கிக்-ஆஃப் எடுத்து இரண்டாவது பாஸிலேயே பந்து பறிபோனால் எதிரணி அந்த இடைவெளிக்குள் ஓடிவந்துவிடும்.

இந்த ஒரு நிமிடத்தைக் கையாள்வதில் உலகம் இன்றும் பேசும் கேப்டன் உருகுவேயின் ஒப்துலியோ வரேலா. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், ரியோவின் மரகானா மைதானம். டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இரண்டாம் பாதி தொடங்கிய உடனேயே பிரேசிலின் ஃப்ரியாசா கோல் அடித்தார், அரங்கமே அதிர்ந்தது. வரேலா பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், நிதானமாக நடந்தார், நடுவரிடம் போய் வாதாடினார். கோலை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தின் கூச்சல் அடங்கவும், தன் ஆட்கள் மூச்சு வாங்கவும் அவருக்கு நேரம் தேவைப்பட்டது. 66-வது நிமிடத்தில் ஸ்கியாஃபினோவும், 79-வது நிமிடத்தில் ஹிக்யாவும் கோல் போட, 2–1 என்று உருகுவே உலகச் சாம்பியன்.

அதை அப்படியே இன்று செய்தால் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக மஞ்சள் அட்டை வரும். ஆனால் எதிரணி கொண்டாடி முடித்துத் தன் பாதிக்குத் திரும்பும் வரை விதிக்கு உட்பட்டே உங்களுக்கு நேரம் இருக்கிறது. பந்தை வலைக்குள்ளிருந்து நீங்களே எடுங்கள். உதைத்து அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு நடந்து வாருங்கள். வரும் வழியில் மூன்று பேரிடம் மட்டும் பேசுங்கள். கீப்பருக்கு ஒரு தட்டு. தப்புச் செய்தவனிடம், "விடு, அடுத்த பந்து உன்னோடது." நடு மிட்ஃபீல்டரிடம், அடுத்த ஐந்து நிமிடம் என்ன ஆட்டம் என்பது: "பேக் ஏற வேண்டாம். ரெண்டு டச். பந்து நம்ம காலில் இருக்கட்டும்." எல்லோரையும் வட்டமாகக் கூட்டிப் பிரசங்கம் செய்யாதீர்கள். பத்துப் பேர் பத்துக் கருத்துச் சொல்வதற்குள் நடுவர் விசில் ஊதிவிடுவார்.

கிக்-ஆஃப் பந்தைப் பின்னால் ஸ்டாப்பரிடம் கொடுத்து, அங்கிருந்து பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி முன்னேற்றுங்கள். அங்கே பறிபோனாலும் த்ரோ-இன்தான் ஆகும், நடுவில் பறிபோனால் கோல் ஆகும். தப்பு யாருடையது என்ற விசாரணையை ஹாஃப் டைமுக்குத் தள்ளிவையுங்கள். பின்தங்கிய நிலையில் கடைசிப் பத்து நிமிடம் என்றால் மட்டும் இதெல்லாம் மாறும். அப்போது பந்தோடு ஓடித்தான் வர வேண்டும்.

கேப்டன் என்றால் நடுவரிடம் கேட்கும் உரிமை உண்டுதானே? கேட்டதற்கு எனக்கு மஞ்சள் அட்டை கொடுத்துவிட்டார்.
– திருச்சி வாசகர்

விதிப் புத்தகத்தில் கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. தன் அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு அவருக்கு உண்டு என்றுதான் மூன்றாவது விதி சொல்கிறது. 2024 ஐரோப்பியக் கோப்பையில் முக்கியமான முடிவுகளின்போது கேப்டன் மட்டுமே நடுவரை அணுகலாம், மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை என்று நடைமுறைப்படுத்தினார்கள். கேப்டன் கோல்கீப்பர் என்றால், பேசுவதற்குக் கீப்பர் அல்லாத வேறோர் ஆட்டக்காரரை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதன் பிறகு பல போட்டிகள் இதைப் பின்பற்றத் தொடங்கின. உங்கள் போட்டியில் இது உண்டா என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எழுதவில்லை. எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்கிறோம். ஓடாதீர்கள், நடந்து போங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கையை வீசாதீர்கள். பார்வையாளர்களுக்குத் தெரிவது உங்கள் கை மட்டும்தான், கூட்டம் கொதித்தால் நடுவர் உங்களிடமிருந்துதான் ஆரம்பிப்பார். "ஃபவுலே இல்ல சார்" என்பது தீர்ப்பு. "எதுக்கு சார் ஃபவுல்?" என்பது கேள்வி. கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வரும், அந்தப் பதிலை உங்கள் ஆளிடம் சொல்லி அடுத்த ஃபவுலைத் தடுக்கலாம். கொடுத்த முடிவு மாறாது. அடுத்த முடிவுக்காகப் பேசுங்கள்: "சார், கார்னர் வரும்போது ஆறாம் நம்பர் ஜெர்சியைப் பிடிக்கிறார், ஒரு தடவை பாருங்க." ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

உங்கள் ஆள் கொதித்துப்போய் நடுவரை நோக்கி ஓடினால், நடுவருக்கும் அவனுக்கும் நடுவில் உங்கள் உடம்பு இருக்க வேண்டும். நடுவருக்கு முதுகைக் காட்டி, உங்கள் ஆளின் முகத்தைப் பார்த்து நில்லுங்கள். கொதிப்பது நீங்களே என்றால் இழப்பு இரட்டிப்பு. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் கேப்டன் ஸிடான் 110-வது நிமிடத்தில் இத்தாலியின் மாதெராஸியை நெஞ்சில் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். அன்று முதல் பாதியிலேயே பெனால்டி கோல் அடித்தவர் அவர். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டி ஷூட்-அவுட் வந்தபோது அவர் மைதானத்தில் இல்லை. 5–3 என்று இத்தாலி வென்றது. அவரைப் போன்ற ஓர் ஆட்டக்காரருக்கு அது கடைசி ஆட்டமாக அமைந்ததில் இன்றும் மனம் ஆறவில்லை.

என் மகன் அதிகம் பேசமாட்டான். அவனைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார்கள். கத்தாமல் கேப்டனாக இருக்க முடியுமா?
– ஒரு தாய், கோவை

முடியும் அம்மா. 1966-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் பாபி மூர் அமைதிக்குப் பெயர் போனவர். இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது அவரைத் தடுக்கி விழ வைத்தார்கள். எழுந்தவர் யாரிடமும் முறையிடவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தார், எதிரணி இடம் பிடிப்பதற்குள் ஃப்ரீ கிக்கைத் தானே உடனே எடுத்தார். அணித் தோழர் ஹர்ஸ்ட் தலையால் முட்டிச் சமன் செய்தார்.

உங்கள் மகன் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஏழெட்டுச் சொற்களைச் சரியான நேரத்தில் சொன்னால் போதும். பின்னால் ஆள் வந்தால் "மேன் ஆன்", ஆள் இல்லையென்றால் "டைம்", திரும்பலாம் என்றால் "டர்ன்", மறுபக்கம் மாற்ற "ஸ்விட்ச்", பின்வரிசை ஏற "லைன் அப்", இறங்க "டிராப்". சொல்லுக்கு முன் பெயர் வர வேண்டும்: வெறும் "டைம்" என்றால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பந்து அவன் காலுக்கு வந்த பிறகு சொன்னால் தாமதம். பாஸ் கிளம்பும்போதே சொல்ல வேண்டும். பயிற்சியில் நான்குக்கு நான்கு ஆட்டம் வைத்து, பேசாமல் கொடுத்த பாஸ் செல்லாது என்று கோச்சிடம் விதி போடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் வாய் பழகிவிடும்.

பெனால்டி ஷூட்-அவுட்டில் யார் யார் அடிப்பது என்று அந்த நேரத்தில் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.
– நாகர்கோவில் வாசகர்

அந்த நேரத்தில் கேட்பதுதான் தப்பு. நாக்-அவுட் ஆட்டத்துக்கு முந்தைய நாளே கோச்சோடு உட்கார்ந்து 11 பேருக்கும் வரிசை போட்டு வையுங்கள். ஐந்தோடு நிறுத்தாதீர்கள், ஆறாவது ஏழாவது ஆள்தான் பெரும்பாலும் தயாரில்லாமல் மாட்டுவார். அன்றைக்குத் தசைப்பிடிப்பு வந்தவரை, மாற்றி வெளியே அனுப்பப்பட்டவரைக் கழித்துவிட்டு வரிசையைச் சரி செய்தால் போதும். எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கியிருந்தால் எண்ணிக்கை சமமாக நீங்களும் ஓர் ஆளைக் கழிக்க வேண்டும். யாரைக் கழிப்பது என்பதையும் யோசித்து வையுங்கள்.

டாஸ் இரண்டு முறை போடப்படும். எந்தக் கோலில் அடிப்பது என்பதை முதல் டாஸ் முடிவு செய்யும். இரண்டாவதில் ஜெயித்த கேப்டன் முதலில் அடிப்பதா பிறகு அடிப்பதா என்று தேர்ந்தெடுப்பார். முதலில் அடிப்பதையே எடுங்கள் என்போம். பின்தங்கிய நிலையில் அடிக்கும் பாரம் எதிரணிக்குப் போகட்டும்.

தயங்கும் ஆளை எப்படி அழைப்பது? 2016 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் போலந்துக்கு எதிரான ஷூட்-அவுட்டுக்கு முன்பு போர்ச்சுகல் கேப்டன் ரொனால்டோ, அணித் தோழர் மூத்தீன்யோவிடம் போய், நீ நன்றாக அடிப்பாய், வந்து அடி, தவறினாலும் பரவாயில்லை என்கிற பொருளில் பேசியது காட்சியாகப் பதிவாகியிருக்கிறது. 2012-ல் ஸ்பெயினுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் தவறவிட்டவர் மூத்தீன்யோ. இந்த முறை மூன்றாவதாக வந்து போட்டார், போர்ச்சுகல் 5–3 என்று வென்றது. ரொனால்டோ முதல் உதையைத் தானே எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே நேரம், இன்று என்னால் முடியாது என்று கேப்டனே சொன்னாலும் அது குற்றமல்ல. நடுங்கும் காலோடு போய் நிற்பதைவிட அது நேர்மையானது.

ஆட்டத்தின் நடுவே யாரும் மோதாமல் ஒரு பையன் தானாக விழுந்துவிட்டான். எல்லோரும் சுற்றிக் கூடினோம், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல வேளையாக எழுந்துவிட்டான். கேப்டன் என்ன செய்ய வேண்டும்?
– விழுப்புரம் மாவட்ட வாசகர்

மோதல் இல்லாமல் ஒருவர் விழுந்து அசையாமல் கிடந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிராக ஆடும்போது டென்மார்க்கின் எரிக்சன் அப்படித்தான் விழுந்தார். கேப்டன் சீமோன் கியார் ஓடிப்போய் முதலுதவிக்கு வழி செய்தார், மருத்துவக் குழு வேலை செய்யும்போது வீரர்களைச் சுற்றி மறைப்பாக நிற்க வைத்தார், மைதானத்துக்குள் வந்த எரிக்சனின் துணைவியாருக்கு ஆறுதல் சொன்னார். எரிக்சன் பிழைத்தார், மறுபடி ஆடவும் வந்தார்.

உங்கள் ஆட்டத்தில் மருத்துவக் குழு இருக்காது. ஆகவே கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் செய்யுங்கள். பெயர் சொல்லி ஒருவரிடம் 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்னொருவர் கேட்டைத் திறந்து சாலையில் நிற்கட்டும். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது, களைத்தால் ஆள் மாறுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவது, கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வெங்காயம் நசுக்கி மூக்கில் காட்டுவது எதுவும் வேண்டாம். மற்றவர்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எழுந்துவிட்ட உங்கள் பையனை, எவ்வளவு நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி ஆடவிடாதீர்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறியவருக்கும் இதே விதிதான்.

எங்கள் அணியில் இரண்டு சீனியர் அக்காக்கள் ஒருவருக்கொருவர் பாஸ் கொடுப்பதில்லை. நான் இரண்டாம் ஆண்டு மாணவி, கேப்டன். எப்படிச் சொல்வது?
– கடலூர் மாணவி

இருவரையும் ஒன்றாக நிறுத்திச் சமாதானம் பேசாதீர்கள், யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்ற போட்டியாகிவிடும். தனித்தனியாக, பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது, ஆட்டத்தை மட்டும் வைத்துப் பேசுங்கள். "அக்கா, முதல் பாதியில் மூணு தடவை அவங்க ஃப்ரீயா நின்னாங்க, பந்து வரல. அந்தப் பக்கம் நமக்கு வேணும்க்கா." எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், ஆகவே ஓர் ஆட்டத்தில் வெளியில் இருக்கும் தோழி ஒருத்தியை எண்ணச் சொல்லுங்கள். பயிற்சியில் இருவருக்கு இருவர் ஆட்டத்தில் அவர்களை ஒரே பக்கம் போடச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். அங்கே பாஸ் கொடுக்க வேறு ஆள் இருக்காது. இரண்டு ஆட்டத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால், கோச்சிடம் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

கேப்டன் பட்டை எந்தக் கையில்?
– ஈரோடு வாசகர்

இடது கையில் கட்டுவது வழக்கம். எந்தக் கை என்று விதி சொல்வதில்லை, பட்டை இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆட்டத்தின் நடுவே கேப்டனை வெளியே எடுத்தால் பட்டையைத் தரையில் போட்டுவிட்டுப் போகாமல், துணைக் கேப்டன் எங்கே நிற்கிறாரோ அங்கே போய்க் கையில் கட்டிவிட்டு, அருகில் உள்ள கோட்டைத் தாண்டி வெளியேறலாம். எலாஸ்டிக் தளர்ந்த பட்டை ஓடும்போது முழங்கைக்கு இறங்கும். கிட்பேக்கில் ஒரு டேப் சுருள் வைத்திருங்கள்.